ஜோடி எட்டை ஏன் ஃபோல்டு பண்ணினான்?

பிரவீன்: மாமா, ஒரு போக்கர் டோர்னமெண்ட் வீடியோ பார்த்தேன். கடைசி மூணு பேர். எதிராளி ஏஸ்-கிங் வெச்சு ஆல்-இன் போறான், அதாவது இருக்கிற சிப்ஸ் மொத்தத்தையும் கட்டறான். இவன்கிட்ட ஜோடி எட்டு. பந்தயம் கட்டாம கைய விட்டுட்டான், ஃபோல்டு பண்ணிட்டான்!

செந்தில் மாமா: சரியாத்தான் பண்ணிருக்கான். ஏஸ்-கிங்குக்கு எதிரா 100-க்கு 55 தடவை ஜோடி எட்டு ஜெயிக்கும். நேரடியா காசு வெச்சு ஆடற கேஷ் கேம்னா கண்ண மூடிட்டு கால் பண்ணலாம், அதாவது அவன் வெச்சதுக்குச் சமமா நாமளும் வெக்கலாம்.

பிரவீன்: அப்புறம் என்ன மாமா?

செந்தில் மாமா: கணக்கு பாரு. மூணு பேர்கிட்டயும் ஒரே அளவு சிப்ஸ்னு வெச்சுக்கோ. பரிசு 50,000, 30,000, 20,000. ஆளுக்கு இப்போ 33,333 பங்கு. தோத்தா 20,000 வாங்கிட்டு வெளியே, 13,333 நஷ்டம்.

செந்தில் மாமா: ஜெயிச்சா சிப்ஸ் ரெண்டு மடங்கு. ஆனா முதல் பரிசே 50,000தானே? மொத்த சிப்ஸ்ல மூணுல ரெண்டு பங்கு நம்மகிட்ட, அதனால 50,000-க்கு மூணுல ரெண்டு வாய்ப்பு, 30,000-க்கு மூணுல ஒண்ணு. பங்கு 43,333-க்குத்தான் ஏறும். 10,000 லாபத்துக்கு 13,333-ஐ வைக்கிறோம். 100-க்கு 57-க்கு மேல வாய்ப்பு இருந்தாத்தான் கட்டும், எட்டுக்கு இருக்கிறது 55தான். சிப்ஸ பரிசுப் பணத்துல பங்கா மாத்திப் பாக்கிற இதுதான் ஐசிஎம் கணக்கு.

சித்ரா பெரியம்மா: நம்ம ரம்மியில பாயிண்ட்ஸும் 101 பூலும் மாதிரி சொல்றியா? பூல்ல 101 பாயிண்ட் ஏறினா அவுட், அதனால 70 ஏறிட்டா சுமாரான கைய முதல்லயே டிராப் போட்டுடுவேன். 20 பாயிண்ட் ஏறினா ஏறட்டும், ஆட்டத்துல இருக்கணும்.

செந்தில் மாமா: அதேதான்க்கா. கேஷ் டேபிள்ல சிப்ஸே காசு. போனா மறுபடி வாங்கலாம், வேணாம்னா எழுந்திருக்கலாம். லாஸ் வேகஸ்ல நடக்கிற டபிள்யூஎஸ்ஓபி, அதாவது வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர், அதோட மெயின் ஈவெண்ட்ல 10,000 டாலர் கட்டி 60,000 சிப்ஸ். போனா போனதுதான், திரும்ப நுழைய முடியாது.

பிரவீன்: அப்போ டோர்னமெண்ட்னா பயந்து பயந்து ஆடணுமா?

செந்தில் மாமா: ஐயோ, இல்லடா! 57 வேணும்னு சொன்னது கால் பண்றவனுக்கு. முதல்ல ஆல்-இன் தள்றவனுக்கு, எதிராளி ஃபோல்டு பண்ணினாலே லாபம். அதான் சிப்ஸ் நிறைய இருக்கிறவன் மத்தவங்கள அழுத்திக்கிட்டே இருப்பான். சீட்டு பாக்குறதுக்கு முன்னாடியே கட்ட வேண்டிய பந்தயமான பிளைண்டும் ஏறிட்டே போகும், நல்ல கைக்குக் காத்திருந்தா கரைஞ்சுடுவோம். கையில சிப்ஸ் 10 பிளைண்ட் அளவுக்கு வந்துட்டா ஆல்-இன் தள்ளு, இல்ல ஃபோல்டு. கேஷ்ல பிளைண்ட் மாறாது, நிதானமா கடைசிப் பொதுச் சீட்டான ரிவர் வரைக்கும் ஆடலாம்.

செந்தில் மாமா: பெரிய டோர்னமெண்டுக்கான இடத்தையே பரிசா தர்ற சின்ன டோர்னமெண்ட், சாட்டிலைட், அது இன்னும் தனி. 2003-ல கிறிஸ் மணிமேக்கர் 86 டாலர் சாட்டிலைட் வழியா மெயின் ஈவெண்டுக்குள்ள வந்துதான் 25 லட்சம் டாலர் ஜெயிச்சார். சாட்டிலைட்ல பத்து இடம்னா பத்தும் ஒரே பரிசு. 11 பேர் இருக்கும்போது உன்கிட்ட சிப்ஸ் நிறைய இருந்தா, ஜோடி ஏஸையே ஃபோல்டு பண்ணலாம்.

பிரவீன்: ஏஸையேவா!! நாலு பேர் இருந்தா அந்தப் பங்கு கணக்கு எப்படி மாமா?

செந்தில் மாமா: நைட் சாப்பிட்டுட்டு கூப்பிடு, பேப்பர்ல போட்டுக் காட்டறேன்.