டீல் தளத்துல 999 ரூபாய்க்கு ஃபேமிலி ஷூட் போடலாமா?

கோவை_லென்ஸ்

வணக்கங்க. கோயமுத்தூர் கணபதியில வீட்டு மாடியிலயே சின்னதா ஒரு ஸ்டூடியோ வச்சிருக்கேன். கல்யாணத்துக்கு இன்னொருத்தர் டீம்ல கேண்டிட் எடுக்கப் போவேன். சொந்தமா எடுக்கறது குழந்தைங்க, குடும்பம், வளைகாப்பு. முகூர்த்த மாசத்துல வண்டி ஓடிருதுங்க. ஆடியும் மார்கழியும் வந்தா ஸ்டூடியோ பூட்டியே கிடக்குது.

போன வாரம் ஒரு தள்ளுபடி டீல் தளத்துல இருந்து ஒருத்தர் வந்து பேசினாரு. என்னோட ஒரு மணி நேர ஃபேமிலி ஷூட் 4,000 ரூபாய், பத்துப் படம் ரீடச் பண்ணிக் குடுப்பேன். அதை 999க்குப் போடுங்க, 100 கூப்பன் போயிரும்ங்கறாரு. கமிஷன் 30%. கூப்பனுக்குக் கெடு 90 நாள். கையில இருந்து முன்கூட்டி ஒரு ரூபா செலவில்ல, வித்தாத்தான் கமிஷன்னு அதையே திரும்பத் திரும்பச் சொல்றாரு. இன்ஸ்டாகிராம்ல காசு கட்டி விளம்பரம் போட்டுப் பார்த்தேன், "ரேட் என்ன"ன்னு ஒரு மெசேஜோட நின்னுருது. அதனால மனசு இந்தப் பக்கம் சாயுதுங்க.

இப்படிப் போட்டு, அதுல வந்தவங்க அப்புறம் முழு ரேட்டுக்கும் வந்திருக்காங்களா? வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்.

மாசி_வீதி_ஃபோட்டோ

வேண்டாம் தம்பி. போன மாசம் உங்ககிட்ட 4,000 குடுத்து எடுத்துட்டுப் போன குடும்பம் இந்த 999-ஐப் பார்த்தா என்ன நினைப்பாங்க? மதுரையில எனக்கு வர்ற வேலையெல்லாம் ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் வர்றதுதான். அந்த வாய்ச்சொல்லைத்தான் நான் காப்பாத்துவேன்.

வேளச்சேரி_பேபி_ஸ்டூடியோ

தம்பி, டீல் போடலாம். ஆனா அவர் கொண்டு வந்த டீலைப் போடாதீங்க. நீங்களே ஒரு டீல் எழுதி அவர் கையில குடுங்க. நான் சென்னையில குழந்தைங்களை மட்டும்தான் எடுக்கறேன். ஆடி மாசம் ஏதாவது ஒரு தளத்துல போடறது வழக்கம், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல காசு. 999-ல 30% சுமார் 300. அந்தக் கமிஷன் மேல 18% ஜிஎஸ்டி, அது ஒரு 54. உங்க கைக்கு வர்றது 645. நீங்க ஜிஎஸ்டி பதிவு பண்ணலேன்னா அந்த 54-ஐ எங்கயும் கழிச்சுக்க முடியாது. இப்ப வேலையைப் பாருங்க. ஷூட் ஒரு மணி நேரம். பேக்டிராப் மாட்டி லைட் வைக்க அரை மணி. எடுத்ததுல நல்லதைப் பொறுக்க முக்கால் மணி. பத்துப் படம் ரீடச், படத்துக்குப் பத்து நிமிஷம்னாலே நூறு நிமிஷம். "எந்தக் கலர் டிரஸ்", "மாமனாரும் வரலாமா"ன்னு வாட்ஸ்அப் ஒரு அரை மணி. ஏறக்குறைய நாலரை மணி நேரத்துக்கு 645 ரூபாய். அதுலதான் ஏசி கரண்ட், லைட் பிடிக்கற பையனுக்குக் கூலி எல்லாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் தேதி. ஃபேமிலி ஷூட்டுன்னா அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் லீவு வேணும், பிள்ளைக்கு ஸ்கூல் இருக்கக் கூடாது. எல்லாரும் சனி ஞாயிறுதான் கேப்பாங்க. 90 நாள்ல 13 வாரம், 26 நாள். ஒரு நாளைக்கு மூணு ஷூட்னு மூச்சு விடாம எடுத்தாலும் 78. நூறு கூப்பன் வித்திருந்தா 22 குடும்பத்துக்கு உங்ககிட்ட நாளே கிடையாது. அந்த 26 நாளும் முழு ரேட் கஸ்டமர் ஒருத்தர்கூட வரல, கல்யாண வேலை ஒண்ணும் வரலன்னு வச்சுப் போட்ட கணக்கு இது. தவிர, கூப்பன் வாங்கினவங்க சீக்கிரம் வர மாட்டாங்க. கெடு முடியற கடைசி ரெண்டு வாரத்துல மொத்தமா போன் பண்ணுவாங்க. தேதி கிடைக்காதவங்க கூகுள்ல ஒரு ஸ்டார் போட்டுட்டுப் போவாங்க, அது வருஷக்கணக்கா உங்க பேருக்குக் கீழயே நிக்கும்.

இனி உங்க கேள்வி, திரும்பி வருவாங்களான்னு. அமெரிக்காவுல ரைஸ் பல்கலைக்கழகத்து உத்பல் டோலாக்கியா 2011-ல இதை ஆராய்ஞ்சார். 23 ஊர், 324 கடை. டீல் போட்டு லாபம் பார்த்தவங்க 55.5%, நஷ்டப்பட்டவங்க 26.6%, மிச்சம் பேருக்கு வரவும் செலவும் சரி. வந்தவங்கள்ல 80% கிட்ட புது ஆளுங்கதான், ஆனா திரும்ப முழு விலைக்கு வந்தது 19.9%. அஞ்சுல ஒருத்தர். அது எல்லா வகைக் கடையும் சேர்ந்த கணக்கு. முடி வளரும், அடுத்த மாசம் சலூனுக்கு வந்துதான் ஆகணும். குடும்பப் படம் ஒரு தடவை எடுத்து மாட்டிட்டா அஞ்சு வருஷம் அதுவே போதும். அதனால நம்ம தொழில்ல யாரைக் கூப்பிடறோம்ங்கறதுதான் எல்லாம். அடுத்தடுத்து படம் எடுக்கக் காரணம் வச்சிருக்கற வீட்டைக் கூப்பிடுங்க.

கைக்குழந்தை இருக்கற வீட்டுல சோறூட்டல் வரும், முதல் பிறந்தநாள் வரும், மொட்டையும் காதுகுத்தும் வரும். ரெண்டு வருஷத்துக்குள்ள மூணு நாலு தடவை கேமரா வேணும். நான் டீல் போடறது மூணு மாசம் முடிஞ்சு ஆறு மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைக்கு மட்டும்தான். பிறந்த குழந்தைன்னா பால் குடுத்து, தூங்க வச்சு, மறுபடி அழுது, மூணு மணி நேரம் போயிடும்; அதை ஒருநாளும் தள்ளுபடியில போடாதீங்க. எட்டு மாசம்னா தவழ்ந்து விரிப்பை விட்டே ஓடிடும். நாலு மாசத்துல தலை நின்னிருக்கும், குப்புறப் போட்டா கையை ஊணித் தலையைத் தூக்கிப் பார்க்கும். இருபது நிமிஷத்துல முடிச்சிடலாம். ஒண்ணே ஒண்ணு, பாட்டி எந்தப் பக்கம் நிக்கறாங்களோ குழந்தை அந்தப் பக்கம்தான் பார்க்கும். கிலுகிலுப்பையைப் பாட்டி கையில குடுத்து லென்ஸுக்கு நேர் பின்னாடி, உங்க தோளை ஒட்டி நிக்க வைங்க. கண்ணு ரெண்டும் நேரா கேமராவுக்கு வரும்.

இந்த வயசுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 2017-க்கு அப்புறம் பிரசவ விடுப்பு 26 வாரம். வேலைக்குப் போற அம்மாவும் அப்ப வார நாள்ல வீட்டுலதான் இருப்பாங்க, பாதிப் பேர் தாய்வீட்டுல. செவ்வாய், புதன், வியாழன் காலையில பத்து மணின்னா அவங்களுக்கும் சௌகரியம், நமக்கும் ஸ்டூடியோ காலிதான்.

நான் போடற டீலையே எழுதறேன். அரை மணி நேரம், ஒரே செட், ரீடச் பண்ணின அஞ்சு படம், ஒரு 6x8 பிரிண்ட். 1,499 ரூபாய். மொத்தம் 25 கூப்பன், வார நாள் மட்டும். அதே 30% கமிஷனும் வரியும் போக 968 வரும், எனக்கு ஆகறது ரெண்டே கால் மணி நேரம். இது என் ரேட் கார்டுலயே இல்லாத சின்ன ஷூட். அதனால மதுரை அண்ணன் பயப்படற மாதிரி முழு ரேட் குடுத்தவங்க யாரும் வருத்தப்பட வேண்டியதில்ல.

ஈஸ்ட்ஹாம்_படப்பிடிப்பு

லண்டனில இருந்து எழுதுறன். இஞ்ச குரூப்பான் எண்ட டீல் தளத்தில ஃபோட்டோஷூட் டீல் கனகாலமா ஓடுது. எண்ணிக்கைக்கு எல்லை வைக்கச் சொல்லி அக்கா சொன்னதை நல்லா மனசில வையுங்கோ. 2011-ல ரெடிங் பக்கம் ஒரு கேக் கடை, 26 பவுண் விலையான ஒரு டசின் கப்கேக்கை 6.50 பவுணுக்குக் குரூப்பானில போட்டது. எல்லை வைக்கேல்ல. 8,500 பேர் வாங்கிப்போட்டினம். 1,02,000 கப்கேக் சுட வேண்டி வந்தது, டசினுக்கு ரெண்டரை மூண்டு பவுண் நட்டம். அவை வெளியில இருந்து கூலிக்கு ஆள் எடுத்துச் சுட்டுக் குடுத்தவை. உங்கட ஸ்டூடியோவில நீங்கள் ஒராள்தானே, உங்களுக்குப் பதிலா ஆரை நிப்பாட்டுவியள்?

மற்றது, இஞ்ச சில ஸ்டூடியோக்கள் ஷூட்டைக் கிட்டத்தட்ட இனாமாக் குடுத்திட்டு, படம் பாக்க வரேக்க ஒரு அறையில இருத்தி, படத்துக்குப் படம் விலை சொல்லுவினம். பிள்ளையின்ர படத்தை வேண்டாம் எண்டு சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்? அப்பிடிக் காசு குடுத்தவை என்னட்டை வந்து கவலைப்பட்டுக் கதைச்சிருக்கினம். மேலதிகப் படத்தின்ர விலையை டீலிலயே போட்டு விடுங்கோ. டீலில அடிச்சுக் காட்டுற பழைய விலையையும் கூட்டிப் போடாதேங்கோ. இந்தப் பழைய விலை விசயத்தையும் சேத்துத்தான் இங்கத்த நியாய வர்த்தக அலுவலகம் விசாரிச்சு, 2012-ல குரூப்பானிட்ட எழுத்தில உறுதி வாங்கினது.

கோவை_லென்ஸ்

ரொம்ப நன்றிங்க அக்கா, லண்டன் அண்ணனுக்கும் நன்றி. இன்னைக்கு அவர்கிட்ட பேசினேன். 30 கூப்பனோட நிறுத்த ஒத்துக்கிட்டாரு. ஆனா "4,000-ஐ அடிச்சுட்டு 1,499"ன்னு போட்டாத்தான் ஆளுங்க கிளிக் பண்ணுவாங்கன்னு பிடிவாதமா இருக்காரு. அப்புறம் ரெண்டு சந்தேகம். எடுத்த படம் எல்லாத்தையும் பென்டிரைவ்ல குடுங்கன்னு கேட்டா என்ன பண்றதுங்க? அடுத்த தடவை கூப்பிட அவங்க நம்பரைத் தளம் தருமா?

வேளச்சேரி_பேபி_ஸ்டூடியோ

4,000-ஐப் போட விடாதீங்க தம்பி. அது ஒரு மணி நேர ஷூட்டோட விலை, இது அரை மணி நேர ஷூட். இந்த அரை மணி ஷூட்டைத் தனியா கேட்டு வந்தா என்ன வாங்குவீங்களோ, 2,200-ஓ 2,500-ஓ, அதை உங்க ஸ்டூடியோ போர்டுல எழுதி மாட்டுங்க, அந்த விலைக்கு எடுத்தும் குடுங்க. டீல்ல பழைய விலையா அதுதான் வரணும். ஒத்துக்கலேன்னா விட்டுடுங்க, வேற தளம் வரும்.

எல்லாப் படமும் கேப்பாங்க, கட்டாயம் கேப்பாங்க. "ரீடச் செய்த 5 படங்கள் மட்டும். மற்ற படங்கள் தலா 250 ரூபாய். கேமராவில் பதிவான மூலக் கோப்பு (ரா ஃபைல்) தரப்படாது"ன்னு டீல்லயே தமிழ்லயும் எழுதச் சொல்லுங்க. புக்கிங் போன்லயும் ஒரு தடவை வாயால சொல்லிடுங்க. அதோட குழந்தைக்கு அன்னைக்குக் காய்ச்சல், சளின்னா ஒரு தடவை தேதி மாத்திக்கலாம்னு சேர்த்துடுங்க. அந்த வயசுல அது சகஜம், அதுக்குப் போய் கூப்பன் செல்லாதுன்னு சொல்லக் கூடாது.

நம்பரைத் தளத்தை நம்பி விடாதீங்க. ஸ்னாப்டீல் 2010-ல கூப்பன் விக்கத்தான் ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷமே சாமான் விக்கப் போயிட்டாங்க. குரூப்பான் இந்தியா 2015-ல நியர்பைன்னு மாறிச்சு. தளம் பாட்டுக்கு மாறிட்டே இருக்கும், கஸ்டமர் நம்மகிட்ட இருக்கணும். ஷூட் அன்னைக்கு ஒரு சின்ன ஃபார்ம் குடுங்க: குழந்தை பேரு, பிறந்த தேதி, வாட்ஸ்அப் நம்பர், மெசேஜ் அனுப்பலாமான்னு ஒரு டிக். படத்தை உங்க பக்கத்துல போடலாமான்னு தனியா இன்னொரு டிக், அது அவங்க விருப்பம். பிறந்த தேதிதான் முக்கியம். முதல் பிறந்தநாளுக்கு ஒன்றரை மாசம் முன்னாடி, நீங்க எடுத்த அந்தக் குப்புறப் படத்தையே அனுப்பி, பிறந்தநாள் ஷூட்டோட முழு ரேட்டையும் எழுதுங்க. தள்ளுபடின்னு ஒரு வார்த்தை அதுல வேண்டாம்.

ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, கூப்பன் காசு எத்தனை நாள்ல உங்க அக்கவுன்ட்டுக்கு வரும், ஷூட்டுக்கு வராமலே போனவங்க கூப்பனோட காசு யாருக்குன்னு ரெண்டையும் எழுத்துல கேட்டு வாங்குங்க. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள பார்த்துச் சொல்றேன்.