பாலைவன முகாம் படங்களை ஸ்லைடுஷோ போட்டபோது நடந்தவை: உங்கள் அனுபவம்?

கூடாரவாசி

மூன்று மாதமாக மனதில் கிடந்து உறுத்துகிறது, எழுதிவிடுகிறேன். நாங்கள் ஆறு பேர், பாலைவனத்தில் நான்கு இரவு. திரும்பி வந்த கையோடு எல்லாரிடமும் படங்களை வாங்கி நான்தான் ஸ்லைடுஷோ செய்தேன். 212 படம், படத்துக்கு 5 நொடி, பின்னணியில் துள்ளலான ஒரு இசை. ஒரு சனிக்கிழமை இரவு எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டேன். அந்த ஒரு படம் வரும்வரை சிரிப்பும் கூச்சலுமாகத்தான் போனது.

வெறும் காலடித்தடம் அது. இரண்டாம் நாள் விடிகாலையில் எடுத்தேன். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு தடத்திலும் பாதி நிழல், பாதி வெளிச்சம். மணல்மேட்டின் முதுகில் ஏறி, இறங்கி, ஒரு இடத்தில் வட்டமடித்து, மறுபடி அதே மேட்டில் ஏறிப் போகும். அந்தப் பயணத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த படம். மெல்ல ஜூம் ஆகும்படி வைத்திருந்தேன்.

திரையில் அது வந்ததும் நண்பன் ஒருவன் "நிறுத்துடா" என்றான். நான் நிறுத்துவதற்குள் எழுந்து வெளியே போய்விட்டான். பின்னாலேயே போனேன். அப்போதுதான் சொன்னான். முந்தின இரவு ஒதுங்கப் போனவன் டார்ச்சையும் போனையும் கூடாரத்திலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். இரண்டு மேடு தாண்டியதும் எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்று தெரியவில்லை. கத்தியது மேட்டைத் தாண்டி வரவில்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் அலைந்திருக்கிறான். நாங்கள் ஐந்து பேரும் தூங்கிக்கொண்டிருந்தோம். காலையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வட்டம், அவன் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்த இடம்.

அதற்குத்தான் நான் துள்ளலிசை போட்டிருக்கிறேன். உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்ததுண்டா?

செல்வி_ப

படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் கதை கடிகாரத்தால் வந்தது.

கேமரா ஒன்று, போன் இரண்டு. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, எடுத்த நேரப்படி வரிசைப்படுத்தினேன். போன்கள் போன இடத்து நேரத்துக்குத் தானாக மாறிக்கொண்டன. கேமராவில் வீட்டு நேரமே ஓடிக்கொண்டிருந்தது, போன்களைவிட இரண்டரை மணி நேரம் கூடுதலாக. நான் கவனிக்கவில்லை. திரையில் முதலில் இருட்டு, தீ மூட்டி எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். அப்புறம் அதே உடையில் அதே அம்மா, சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அம்மாவுக்கு அப்போது ஞாபக மறதி தொடங்கியிருந்தது. "தீ மூட்டினது அதுக்கப்புறம்தானே?" என்று மெதுவாகக் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை, படம் ஓடிக்கொண்டே இருந்தது. தன் மறதிதான் என்று நினைத்து அதோடு பேசாமல் இருந்துவிட்டார். மறுநாள் வரிசையைச் சரிசெய்யும்போதுதான் அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது. போய்ச் சொன்னேன். என்ன கேட்டோம் என்பதே அவருக்கு நினைவில்லை.

இப்போதெல்லாம் கிளம்பிய அன்றே ஒரு போனின் கடிகாரத்தை எல்லா கேமராவாலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். வித்தியாசம் எவ்வளவு என்று அதிலேயே தெரிந்துவிடும்.

விண்மீன்நேரம்

கூடாரவாசி, இசையைக் குறை சொல்லாதீர்கள். 212 படம் போட்டதுதான் தவறு என்பேன். இருபது நாள் கழித்து உட்கார்ந்து 50 ஆகக் குறைத்திருந்தால் ஒவ்வொரு படத்தையும் "இது யாருடைய தடம்?" என்று கேட்டுப் பார்த்திருப்பீர்கள்.

என் கதை சிறியது. நிலவில்லாத இரவில் 24 மி.மீ. லென்ஸில் 20 நொடி ஷட்டரைத் திறந்து வைத்துப் பால்வெளியை எடுத்தேன். லேப்டாப்பில் பார்த்தபோது கண்ணில் நீர் வந்தது. புரொஜக்டரில் போட்டால் சாம்பல் நிறத் துணி. முன்வரிசையில் ஒருவர் "படம் வரலையே" என்றார். இரண்டு மணி நேரம் குளிரில் நின்று எடுத்தது.

ஏன் என்று சொல்கிறேன், யாருக்காவது உதவும். புரொஜக்டரால் கறுப்பை வீச முடியாது. அது வெளிச்சத்தை மட்டும்தான் வீசும். திரையில் கறுப்பு என்பது அறையில் இருக்கும் இருட்டுதான். அறையில் ஒரு விளக்கு எரிந்தாலும் உங்கள் வானம் அந்த விளக்கின் நிறத்துக்கு வெளுத்துவிடும். அதனால் இரவுப் படங்களை ஸ்லைடுஷோவுக்கென்று தனியாக ஒரு பிரதி எடுத்துச் சற்று வெளிச்சம் கூட்டுங்கள். இரவில் இருட்டறையில் உட்கார்ந்து எடிட் செய்யாதீர்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குத் திரை பிரகாசமாகவே தெரியும், படத்தைக் கறுப்பாக்கிவிடுவீர்கள். பட்டப்பகலில் எடுத்த மணல் படங்களை அடுக்கடுக்காக வைக்காதீர்கள்; உச்சி வெயிலில் மேட்டுக்கு நிழலே இருக்காது, பத்துப் படமும் ஒன்று போலத்தான் தெரியும். நெடுவாக்கில் எடுத்தவற்றை இரண்டு இரண்டாகப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எல்லாப் படத்துக்கும் ஜூம் வேண்டாம், தலை சுற்றும். செயலி வழியாக அனுப்பிய படத்தை வாங்காதீர்கள், கோப்பாகவே கேளுங்கள். பல செயலிகள் படத்தைச் சுருக்கி, எடுத்த நேரத்தையும் அழித்துவிடும். செல்வி சொன்ன கடிகாரச் சோதனையும் அப்போது பலிக்காது. கோப்பின் பெயரை வைத்தும் வரிசைப்படுத்த வேண்டாம். பல கேமராக்கள் 9999-க்கு அப்புறம் 0001-லிருந்து தொடங்கும். படத்துக்கு 5 நொடி போதும், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. முக்கியமாக, எந்த புரொஜக்டரில் காட்டப் போகிறீர்களோ அதிலேயே முந்தின நாள் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

பழையசுருள்

நீங்கள் எல்லாரும் கோப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் அந்தக் காலத்து ஸ்லைடை, சின்னச் சட்டத்தில் மாட்டிய ஃபிலிம் துண்டைப் பற்றிச் சொல்கிறேன். அப்பா எடுத்ததெல்லாம் கோடாக்ரோம். 1935-ல் வந்த ஃபிலிம், 2009-ல் நிறுத்தினார்கள். சுருளுக்கு 36 படம். அதனால் அவர் ஒரு மேட்டை எடுக்குமுன் அதைச் சுற்றி நடந்துவிட்டு வருவார். 80 ஸ்லைடு கொள்ளும் வட்டத் தட்டு, ஒவ்வொரு தடவையும் 'க்ளக்' என்று விழும் சத்தம், விசிறியின் இரைச்சல், சூடான தூசி வாசனை. விளக்குச் சூட்டில் ஸ்லைடு சற்றே வளைந்து படம் மங்கும். அப்பா எட்டி ஃபோகஸைத் திருகுவார்.

ஒரு ஸ்லைடில், கூடாரத்துக்கு முன்னால் அம்மா நிற்கும் படத்தில், சட்டத்துக்குள் ஒரு மணல் துகள் மாட்டியிருந்தது. திரையில் அது அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில் பாறை மாதிரி கறுப்பாக நிற்கும், ஓரம் கரடுமுரடாக. அந்தப் பாலைவனத்தின் மணல்தான் அது. எப்படியோ எங்கள் சாமான்களோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்பார் அப்பா. சிறுவயதில் ஒவ்வொரு தடவையும் அந்தப் பாறைக்காகக் காத்திருப்பேன்.

ஆறு வருடத்துக்கு முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தேன். ஒவ்வொரு ஸ்லைடையும் ஊது பம்பால் சுத்தமாக ஊதிவிட்டுத்தான் வைத்தேன். புதிய ஸ்லைடுஷோவை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அம்மா படம் வந்தது. அப்பா திரையின் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கல்லு எங்க?" என்றார்.

தரையெல்லாம் தேடினேன். மணல் துகளை எங்கே போய்த் தேடுவது.

மணலோசை

விண்மீன்நேரம் அண்ணா, எல்லாப் படத்துக்கும் ஒரே 5 நொடி என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கூட்டமாக நிற்கும் படத்தில் ஒவ்வொரு முகமாகத் தேட வேண்டாமா? வெறும் தொடுவானத்துக்கு மூன்று நொடி அதிகம். பழையசுருள் ஐயா சொன்ன படத்துக்கு அரை நிமிடம் வைத்தாலும் போதாது.

இசையும் தேவையில்லை என்பேன். ஒருமுறை செங்குத்தான பக்கத்தில் உட்கார்ந்து சறுக்கினோம், மேடு முழுக்க முனகியது. விமானம் தூரத்தில் போவது போல அடித்தொண்டைச் சத்தம், உட்கார்ந்த இடத்தில் உடம்பு அதிர்ந்தது. காய்ந்த மணல் சரியும்போது சில மேடுகள் அப்படி ஒலிக்கும். போனில் பதிவு செய்தேன். ஸ்லைடுஷோவில் அந்தச் சத்தத்தைத்தான் போட்டேன். வந்திருந்தவர்களில் கூட வந்த மூன்று பேர் மட்டும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் ஸ்பீக்கர் கோளாறு என்று நினைத்தார்கள். அந்த மூன்று பேர் நிமிர்ந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

கூடாரவாசி

எல்லாருக்கும் நன்றி. விண்மீன்நேரம், யாருடைய தடம் என்று கேட்டிருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னது சுருக்கென்று தைத்தது. உண்மைதான்.

நேற்று அவனைப் போய்ப் பார்த்தேன். அந்தப் படத்தை எடுத்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம், இருக்கட்டும், இசையை மட்டும் எடு என்றான். அப்புறம் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். எனக்குக் கொடுக்காமலே வைத்திருந்திருக்கிறான். மறுநாள் இரவு, டார்ச்சோடு, வேண்டுமென்றே அதே மேட்டுக்குப் போய் எடுத்திருக்கிறான். முழுக்க இருட்டு. நடுவில் ஊசிமுனை அளவுக்கு மஞ்சளாக ஒரு புள்ளி. எங்கள் கூடாரத்து விளக்கு. முந்தின இரவு கடைசியில் அவன் கண்ணில் பட்டது அதுதானாம்.

தடத்துக்கு அப்புறம் இதை வைக்கச் சொல்கிறான். புரொஜக்டரில் இந்தப் புள்ளி தெரியுமா? வெளிச்சம் கூட்டினால் இருட்டு போய்விடுகிறது.

விண்மீன்நேரம்

கூட்டாதீர்கள். நான் மேலே சொன்னது இதற்குப் பொருந்தாது. 4000 பிக்சல் அகலப் படத்தைப் புரொஜக்டருக்காக 1920-க்குச் சுருக்கும்போது அவ்வளவு சின்னப் புள்ளி பக்கத்து இருட்டோடு கலந்து மங்கிவிடும், அதுதான் சிக்கல். சுருக்காமல், புள்ளியைச் சுற்றி 1920-க்கு 1080 அளவுக்கு வெட்டி எடுங்கள். புள்ளியை நட்டநடுவில் வைக்க வேண்டாம், சற்று ஓரமாக இருக்கட்டும், கண் தேடிப் போகும். அறையில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள், லேப்டாப் திரையையும் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள்.

எத்தனை நொடி என்று மட்டும் நான் சொல்லவில்லை. ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.