குடும்பக் குழு: சின்னவனின் முதல் பனிமலைப் பயணம்

ஞாயிறு

நான், இரவு 8:05
எல்லோருக்கும் ஒரு செய்தி. ஜனவரி கடைசிக் கிழமை நானும் இவரும் லீவு எடுத்திருக்கிறோம். சின்னவனையும் கூட்டிக்கொண்டு நான்கு நாள் ஸ்கீக்கு, அதுதான் பனிச்சறுக்குக்கு, போக யோசிக்கிறோம். அவனுக்கு இப்போது இரண்டரை வயது. சுவிஸ் மலை ஊர்களில் கிரிண்டெல்வால்டா, வெங்கனா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

தம்பி, இரவு 8:07
வெங்கன்! கிளைனே ஷைடெக் வரை ரயிலில் ஏறி அங்கிருந்து சறுக்கி இறங்கலாம். நானும் ஒரு நாள் வருகிறேன். சின்னவனை முதுகுப் பையில் வைத்துக்கொண்டு நானே இறக்கிவிடுகிறேன்.

அக்கா, இரவு 8:09
தம்பி, அந்தக் கதையே வேண்டாம். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு சறுக்கவே கூடாது. நீ விழமாட்டாய், சரி. பின்னால் வேகமாக வருகிறவன் வந்து இடித்தால்? இன்னொன்றும் இருக்கிறது. நீ அசைகிறபடியால் உனக்கு உடம்பு சூடாகும். பைக்குள் அசையாமல் இருக்கிற பிள்ளைக்கு அந்தச் சூடு இல்லை. சின்ன உடம்பு எங்களைவிடக் கெதியாகக் குளிர்ந்துவிடும்.

தம்பி, இரவு 8:10
சரி பெரியக்கா. அதை நான் யோசிக்கவில்லை. விட்டுவிட்டேன்.

அக்கா, இரவு 8:21
தங்கச்சி, போன வருடம் நாங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு போன கதையை உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. அவளுக்கு அப்போது மூன்று வயது முடிந்து இரண்டு மாதம். முழுநாள் வகுப்பில் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் மேலே போய்விட்டோம். பதினொன்றரைக்குப் போன் வந்தது. இறங்கி வந்து பார்த்தால் அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஒரு கையுறை எங்கேயோ விழுந்து, விரல்கள் சிவந்து கிடந்தன. பாரமான சப்பாத்து, தெரியாத ஆட்கள், பசி, களைப்பு எல்லாம் சேர்ந்துவிட்டன. பிறகு இரண்டு நாள் ஸ்கீ என்ற சொல்லைக் கேட்டாலே என் காலைக் கட்டிப் பிடித்தாள். பிழை என்னுடையது. காசு கட்டியாயிற்று, முழு நாளும் நிற்கட்டும் என்று நினைத்தேன்.

அதனால் சொல்கிறேன். சின்னவன் ஸ்கீ பழகிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போகாதே. அவனுக்குப் பனி பிடிக்க வேண்டும். இந்த முறைக்கு அது போதும்.

நான், இரவு 8:24
அப்போ வகுப்பே வேண்டாமா அக்கா?

அக்கா, இரவு 8:28
பல பள்ளிகள் 3 வயதில்தான் எடுப்பார்கள், சில இடங்களில் 4. இந்த முறை வழமையான குளிர்ச் சப்பாத்துக்கு மேலே வாரால் கட்டுகிற சின்னப் பிளாஸ்டிக் ஸ்கீ வாங்கு. காலையில் முக்கால் மணித்தியாலம் வெளியே, பிறகு உள்ளே. சாப்பாடு, நித்திரை. பின்னேரம் ஷ்லிட்டன், அந்தப் பனிச்சறுக்கு வண்டி. அவன் பத்து நிமிடத்தில் போதும் என்றாலும் உள்ளே வந்துவிடு. ஸ்கீப் பள்ளியின் சின்னமான ஸ்நோலி முயல் பொம்மை வேடத்தைத் தூரத்தில் நின்று காட்டு, அடுத்த வருடம் அதனோடு பழகட்டும்.

அப்பா, இரவு 8:40
பிள்ளை, வெங்கன் நல்லது. ஊருக்குள் கார் இல்லை. 1,274 மீட்டர்தான் உயரம். சின்னப் பிள்ளைகள் பழகுகிற சரிவு ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. லௌட்டர்புருன்னனில் காரை விட்டுவிட்டுப் பற்சக்கர ரயிலில் ஏற வேண்டும். கடைசிக் கிழமை எடுத்ததும் நல்லது. ஜனவரி நடுவில் லௌபர்ஹோர்ன் ஸ்கீப் பந்தயம் நடக்கும், ரயிலில் நிற்க இடம் இராது. பெப்ரவரியில் பள்ளிக்கூட ஸ்கீ லீவு தொடங்கிவிடும்.

நான், இரவு 8:42
அப்போ வெங்கன்தான் அப்பா. காரே வேண்டாம், பெர்னிலிருந்தே ரயிலில் போகிறோம். ஆறு வயதுக்குள் என்றபடியால் அவனுக்கு டிக்கெட்டும் இல்லை. இவர் ஒரு நாள் மேலே யுங்ஃப்ராவ்யோக் மலை ரயில் நிலையத்துக்கும் போகலாமா என்று கேட்கிறார்.

அக்கா, இரவு 8:44
அது 3,454 மீட்டர். ஒரே காலையில் அவ்வளவு உயரம் ஏறி அவனுக்குத் தலையிடி வந்தால், சத்தி வரப்போனால், சொல்லத் தெரியுமா? அழ மட்டும்தான் தெரியும். அவனுக்கு ஏழெட்டு வயதாகட்டும்.

அப்பா, இரவு 8:58
நானும் உங்களோடு வரலாமா?

அப்பா, இரவு 9:06
1988 மாரியில் தொடங்கி மூன்று மாரி நான் அங்கே வேலை செய்தேன் என்று உங்களுக்குத் தெரியும். ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு மேலே ஒரு யன்னல். யன்னலுக்கு நேரே அந்தச் சரிவு. ஒரு ஆசிரியை முன்னால் போவார், எட்டுப் பத்துப் பிள்ளைகள் பின்னால் தாராக் குஞ்சுகள் மாதிரி வரிசையாகப் போவார்கள். விழுவார்கள், எழும்புவார்கள். தட்டுகள் வராத நேரத்தில் பார்த்துக்கொண்டு நிற்பேன். அம்மாவும் பெரியவளும் அப்போது ஊரில். பெரியவளுக்கும் அந்தப் பிள்ளைகளின் வயதுதான். மூன்று மாரியிலும் நான் அந்தச் சரிவில் கால் வைக்கவில்லை. வேலை முடிய இருட்டிவிடும்.

அக்கா, இரவு 9:09
அப்பா, யன்னல் கதை எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

நான், இரவு 9:10
கட்டாயம் வாங்கோ அப்பா. இரண்டு அறை வீடாகப் பார்க்கிறேன். அம்மா, நீங்களும் வாங்கோ.

அம்மா, இரவு 9:15
எனக்கு அந்தக் கிழமை கண் ஆஸ்பத்திரித் தவணை இருக்கிறது மகள். இஞ்சாருங்கோ, உங்கள் முழங்காலோடு பனியில் நடப்பீர்களா?

அப்பா, இரவு 9:16
நான் சறுக்கப் போவதில்லை. பேரனை ஷ்லிட்டனில் வைத்து இழுக்கப் போகிறேன்.

திங்கள்

அக்கா, மதியம் 12:20
உடுப்பு விஷயம், மறக்க முதல் எழுதிவிடுகிறேன். உடம்போடு ஒட்டிப் பருத்தி போடாதே, ஈரமானால் காயாது. மெரினோ கம்பளி, அதற்கு மேல் பிளீஸ் துணிச் சட்டை, அதற்கு மேல் ஒரே துண்டாக வருகிற பனி உடுப்பு. கையுறையில் கட்டைவிரல் மட்டும் பிரிந்திருக்க வேண்டும், மற்ற நான்கு விரலும் ஒன்றாக இருந்தால்தான் சூடு நிற்கும். முழங்கை வரை ஏறுகிறதாக வாங்கு, அவனால் கழற்ற முடியாது. இரண்டு சோடி. கழுத்துக்குச் சால்வை வேண்டாம், எங்காவது சிக்கும். வளையமாகப் போடுகிற துணி போதும்.

குளிருகிறதா என்று அவனிடம் கேட்காதே. விளையாட்டில் இருக்கிற பிள்ளை இல்லை என்றுதான் சொல்லும். பிடரிக்குள் விரல் விட்டுப் பார். சூடாக, காய்ந்து இருந்தால் சரி. வியர்த்திருந்தால் உடுப்புக் கூடிவிட்டது. கன்னத்திலோ மூக்கிலோ வெள்ளையாக ஒரு திட்டுத் தெரிந்தால் அந்த நிமிடமே உள்ளே.

தம்பி, மதியம் 12:31
வெயிலையும் மறக்க வேண்டாம் சின்னக்கா. பனி புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், கீழேயிருந்தும் சுடும். SPF 50 வெயில் கிரீம், தாடைக்கு அடியிலும் பூச வேண்டும். கறுப்புக் கண்ணாடி தலைக்குப் பின்னால் பட்டியோடு வருவது நல்லது. ஷ்லிட்டனுக்கும் தலைக்கவசம் போடுங்கோ.

அத்தான், மதியம் 1:02
காப்புறுதியையும் பாருங்கள். நீங்கள் இரண்டு பேரும் வேலை செய்கிறபடியால் வேலையிட விபத்துக் காப்புறுதி ஸ்கீ விபத்தையும் பார்க்கும். மாமாவுக்கும் பிள்ளைக்கும் கிராங்கன்காசே என்கிற மருத்துவக் காப்புறுதிதான். அது மீட்புச் செலவில் பாதியைத்தான் தரும், அதுவும் வருடத்துக்கு 5,000 பிராங்குக்கு மேல் இல்லை. ரேகா மீட்பு ஹெலிகொப்டரின் இலக்கம் 1414. போனில் போட்டு வையுங்கள்.

அம்மா, பிற்பகல் 2:45
அரிசிமா வறுத்துத் தருகிறேன். காலையில் புட்டு அவித்துக் கொடுத்தால் வயிறு நிற்கும். கொத்தமல்லியும் திப்பிலியும் தனியாகக் கட்டி வைக்கிறேன், பின்னேரம் உள்ளே வந்ததும் எல்லோரும் குடியுங்கள்.

செவ்வாய், ஜனவரி கடைசிக் கிழமை

நான், பிற்பகல் 3:10
வந்து சேர்ந்துவிட்டோம். லௌட்டர்புருன்னனிலிருந்து ஏறும்போது அவன் காதைப் பிடித்தான். தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன், விழுங்க விழுங்கச் சரியாகிவிட்டது. அப்பா வழி முழுக்க யன்னல் பக்கம்தான்.

அம்மா, பிற்பகல் 3:12
பிள்ளை சாப்பிட்டானா?

நான், பிற்பகல் 3:13
ஓம் அம்மா. புட்டும் வாழைப்பழமும்.

புதன்

நான், காலை 11:25
இன்றைக்கு முதல் தடவை! பிளாஸ்டிக் ஸ்கீயைக் கட்டி, இவர் அவனுக்குப் பின்னால் குனிந்து இரண்டு கக்கத்திலும் பிடித்துக்கொண்டார். மூன்று தடவை இறங்கினான், ஒவ்வொன்றும் வீட்டு விறாந்தை நீளம்தான். நான்காவது தடவை வேண்டாம் என்று பனியில் மல்லாந்து படுத்துவிட்டான். மொத்தம் 20 நிமிடம். ஸ்கீயைக் கழற்றிவிட்டு வாளியும் அகப்பையும் கொடுத்தேன். அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் தனியாக இருந்து பனி அள்ளினான்.

அக்கா, காலை 11:28
மிக நன்றாகச் செய்தீர்கள். நான்காவது தடவைக்குக் கட்டாயப்படுத்தாமல் விட்டாயே, அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

வியாழன்

நான், காலை 10:40
இன்றைக்குக் கடும் பனி விழுகிறது, காற்றும் அடிக்கிறது. சப்பாத்தைக் கண்டதும் அழுதான். வீட்டுக்குள்ளேயே இருக்கிறோம். குளியல் தொட்டிக்குள் இரண்டு வாளி பனி கொண்டு வந்து கொட்டினோம், கையுறை போட்டுக்கொண்டு அப்பாவும் அவனும் கோட்டை கட்டுகிறார்கள்.

தம்பி, காலை 10:44
தொட்டிக் கோட்டையைப் படம் எடுத்துப் போடுங்கோ சின்னக்கா.

அக்கா, இரவு 7:30
அப்பா, அந்த யன்னல் இன்னும் இருக்கிறதா?

அப்பா, இரவு 7:52
பின்னேரம் காற்று ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தேன். கட்டடம் அதுதான். யன்னலை மாற்றிப் பெரிய கண்ணாடி போட்டிருக்கிறார்கள். உள்ளே ஒரு பெடியன் தட்டுக் கழுவிக்கொண்டு நின்றான், இருபது வயது இருக்கும். கை காட்டினேன். அவனும் காட்டினான்.

அம்மா, இரவு 7:55
கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டா போனீர்கள்?

அப்பா, இரவு 7:56
ஓம், ஓம்.

அப்பா, இரவு 8:03
பிள்ளை, நாளைக் காலை சின்னவனை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் ஷைடெக்குக்குப் போய்ச் சறுக்கிவிட்டு வாருங்கள். வந்ததிலிருந்து நீங்கள் மேலே போகவில்லை.

நான், இரவு 8:05
பன்னிரண்டரைக்கு நித்திரை வந்துவிடும் அப்பா. அதற்குள் வந்துவிடுகிறோம்.

அப்பா, இரவு 8:06
அவசரப்படாதே. ஷ்லிட்டனில் வைத்து இழுத்துக்கொண்டு நடப்பேன், அதிலேயே நித்திரையாகிவிடுவான்.

அக்கா, இரவு 8:07
நித்திரையானால் உடனே உள்ளே கொண்டு வாங்கோ அப்பா. அசையாமல் கிடந்தால் குளிர் பிடிக்கும்.

அப்பா, இரவு 8:08
சரி மகள். பிடரியையும் தொட்டுப் பார்ப்பேன்.