மத்தியானம் ஆனா லேசர் ரிசீவர் படுத்துக்குது, 650 ஃபில்டர் காரணமா?

மன்னார்குடி_வயல்:
வணக்கம் அண்ணே எல்லாருக்கும். வயல்ல மட்டம் பாக்க சின்னதா ஒரு லேசர் செட் பண்ணிட்டு இருக்கேன், டிராக்டர் லெவலர வாடகைக்கு எடுத்தா எங்க ரெண்டு மா நிலத்துக்கு கட்டுபடியாகாது. 650 நானோமீட்டர் வேவ்லெங்த் (அலைநீளம்) உள்ள சிவப்பு மாட்யூல், எதிர் வரப்புல போட்டோடயோட் (வெளிச்சத்த கரண்டா மாத்துற பாகம்) ரிசீவர், வெயில் வெளிச்சம் உள்ள வராம இருக்க முன்னாடி 650 ஃபில்டர், அது 650ஐ சுத்தி 10 நானோமீட்டர் அகலத்துக்குள்ள உள்ள வெளிச்சத்த மட்டும் விடும். காலைல நல்லா எடுக்குது, பதினோரு மணிக்கு மேல சிக்னல் பாதிகூட இல்ல, சாயந்திரம் தானா சரியாயிடுது. குறுவை நடவுக்குள்ள மேடு பள்ளம் பாத்தாகணும். வெயில் வெளிச்சம்தான் காரணமா?

குடமுருட்டி_கரை:
தம்பி, எனக்கு சூட்டு மேலதான் சந்தேகம். 650னு ஒட்டியிருந்தாலும் டயோடுக்கு டயோடு மாறும், பல டேட்டாஷீட்ல 645ல இருந்து 660 வரைக்கும்னே போட்டிருப்பான். அதுக்கு மேல சிவப்பு டயோடு ஒரு டிகிரி சூட்டுக்கு சுமார் 0.2 நானோமீட்டர் நீளும், வெயில்ல கெடக்குற மாட்யூல் காலைய விட 20 டிகிரி ஏறிச்சுன்னா 4 போச்சு. உன் ஃபில்டர் விடுறதே 645 டு 655தான். ராத்திரி இருட்டுல ஹேர் டிரையரால மாட்யூல சூடு பண்ணு, சிக்னல் விழுந்தா வெளிச்சத்து மேல பழி இல்ல. ஆனா சூட்டுல பவரும் குறையும், அதனால ஃபில்டர கழட்டிட்டு இன்னொரு தடவ அதே மாதிரி பாரு, இத விட்டுடாத.

லேப்_தாத்தா_கும்பகோணம்:
அளந்தே பாத்துடலாம். பழைய சிடி ஒன்ன எடுத்து லேபிள் படலத்த உரிச்சுடுங்க, அதுல உள்ள ட்ராக் இடைவெளி 1.6 மைக்ரான், அது லேசர பல புள்ளியா பிரிக்கும், வேவ்லெங்த் கூடுனா புள்ளி தள்ளிப் போகும். நேரா லேசர் அடிச்சு ஒரு மீட்டர் தள்ளி சுவத்துல பாத்தா, நடு புள்ளிக்கும் பக்கத்து புள்ளிக்கும் 650ன்னா 44.5 செ.மீ., 660ன்னா 45.3. எட்டு மில்லிமீட்டர், ஸ்கேல்லயே தெரியும். சிடி சுவத்துக்கு இணையா நிக்கணும், கொஞ்சம் சாஞ்சாலும் கணக்கு கெட்டுடும்.

திருவாரூர்_எலக்ட்ரானிக்ஸ்:
பச்சை லேசருக்கு மாறிடலாமே ப்ரோ, கண்ணுக்கும் நல்லா தெரியும்

குடமுருட்டி_கரை:
விலை கம்மியான 532 பச்சை வேணாம். அதுக்குள்ள 808 நானோமீட்டர் இன்ஃப்ராரெட் (கண்ணுக்கு தெரியாத வெளிச்சம்) டயோடு ஒரு கிரிஸ்டல பம்ப் பண்ணுது, அதாவது அதுக்கு சக்தி ஊட்டுது. 532 அசையாது, சரி, ஆனா 808 டிகிரிக்கு 0.3 கிட்ட நகரும், கிரிஸ்டல் உறிஞ்சுற வேவ்லெங்த் அகலம் ரொம்ப குறுகல், அதனால சூடு மாறுனா வெளிச்சம் ஏறி இறங்கும். இன்ஃப்ராரெட் தடுக்குற ஃபில்டர் இல்லாத பீஸ்ல அதுவும் வெளிய வரும், கண்ணுக்கு தெரியாததால இன்னும் ஆபத்து.

மன்னார்குடி_வயல்:
ராத்திரி பாத்தேன் அண்ணே. ஃபில்டரோட சூடு பண்ணா சடசடன்னு விழுது, கழட்டிட்டா கொஞ்சந்தான் குறையுது. சிடில ஆறி இருக்கப்ப 44.8, சூட்டுல 45.1.

குடமுருட்டி_கரை:
அப்ப 654ல இருந்து 658க்கு போயிருக்கு, ஃபில்டர் ஓரத்துலயே நின்ன டயோடு வெளிய வழுக்கிடுச்சு. நடு 655, அகலம் 25 இல்ல 30 உள்ளது வாங்கு. வெயில் வெளிச்சம் கலக்காம இருக்க லேசர வேகமா விட்டு விட்டு எரிய வச்சு, அந்த ஃப்ரீக்வென்சிய மட்டும் ரிசீவர்ல எடு. மாட்யூல நிழல்ல அலுமினிய கட்டையில மாட்டு, பவர் 5 மில்லிவாட்டுக்குள்ள இருக்கட்டும், வரப்புல நடக்குறவங்க கண்ணு மட்டத்துல வைக்காத. கையில இருக்கற 650 ஃபில்டர சாய்ச்சு பாக்காத, சாய்ச்சா அது விடுற வேவ்லெங்த் இன்னும் கீழதான் இறங்கும். 660 ஃபில்டர் கெடச்சா லேசா சாய்ச்சு உன் டயோடுக்கு இழுத்துக்கலாம்.