மறு: உடைந்த ஷார்ட்கட்டுக்குத் தமிழில் என்ன சொல்?

தேவகோட்டை அண்ணனுக்கு வணக்கம்.

> குறுக்குவழி ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. 'முறிந்த குறுக்குவழி' என்றால் போதாதா?

போதாது அண்ணே. நம்ம பக்கம் வீட்டு முகப்பு ஒரு தெருவில், கொல்லை வாசல் அடுத்த தெருவில். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டால் முகப்பில் நுழைந்து, வளவைக் கடந்து, இரண்டாம் கட்டு வழியாகப் பின்தெருவில் வந்து விழுவோமே, அதுதான் குறுக்குவழி. நடை மிச்சம். கணினியில் நகலெடுக்கக் கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்துவது அந்த வகை. மெனுவைத் திறந்து தேடும் நடை மிச்சம். அதற்கு அந்தச் சொல் கச்சிதம்.

திரையில், தன் மூலையில் குட்டி அம்போடு உட்கார்ந்திருக்கும் ஷார்ட்கட் படம் வழியே கிடையாது. கோப்புறை இன்ன இடத்தில் இருக்கிறது என்று எழுதி வைத்த சீட்டு. வின்டோஸ் 95 காலத்திலிருந்தே அது தனிக் கோப்பு. அதன் பெயர் எல்என்கே (.lnk) என்று முடியும். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் வைத்துவிட்டார்கள் என்பதற்காக நாமும் ஏன் குழம்ப வேண்டும்?

எனக்கு முதலில் தோன்றியது உண்டியல், அந்தக் காலத்துப் பணச்சீட்டு. சிரிக்காதீர்கள். ரங்கூன் கடைக்கு எழுதிய உண்டியல் கையில் வெறும் தாள், பணம் இருப்பது அங்கே. இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் பிள்ளையார்பட்டிக் கோயிலில் காசு போடும் பெட்டிதான் நினைவுக்கு வரும். விட்டுவிட்டேன். 'சுட்டி'யும் வேண்டாம், மவுசையும் இணைய இணைப்பையும் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கிறது, பாவம்.

போன வாரம் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஐயா காலத்துப் பேரேடுகளையும் கல்யாணப் படங்களையும் ஸ்கேன் செய்து ஒரு வெளிவட்டில் (எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்) போட்டு, அப்பச்சிக்காகத் திரையில் ஏழெட்டு ஷார்ட்கட் வைத்திருந்தேன். யாரோ கார்டு ரீடரைச் செருகியிருக்கிறார்கள். வெளிவட்டுக்கு வின்டோஸ் வைத்திருந்த 'ஈ' (E) என்ற எழுத்தை அது பிடித்துக்கொண்டது. பிறகு செருகிய வெளிவட்டு 'எஃப்' (F) ஆகிவிட்டது, ஷார்ட்கட்டுகளோ பழைய 'ஈ'யையே காட்டிக்கொண்டிருந்தன. எதைத் தட்டினாலும் 'நகர்த்தப்பட்டது அல்லது மாற்றப்பட்டது' என்ற புலம்பல். படமெல்லாம் அழிந்துவிட்டது என்று அப்பச்சி பயந்துபோனார்கள். பின்னால் நின்ற அப்பத்தா கேட்டது: "என்னடா இது, எதைத் தொட்டாலும் வெறுங்கையக் காட்டுது?"

சொல் கிடைத்துவிட்டது. ஷார்ட்கட் என்பது கைகாட்டி. முச்சந்தியில் நிற்கும் அதே கைகாட்டிதான்; அது ஊர் அல்ல, பிடுங்கி எறிந்தாலும் ஊருக்கு ஒன்றும் ஆகாது. (ஷார்ட்கட்டை அழித்தால் கோப்பும் போய்விடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு இந்தப் பெயரே பாதி விளக்கம்.) காட்டிய இடத்தில் எதுவும் இல்லாவிட்டால் அது வெறுங்கைகாட்டி. 'முறிந்த' என்பது பொருந்தாது. சீட்டு முழுசாகத்தான் இருக்கிறது, அதில் எழுதிய இடம்தான் காலி.

சரிசெய்வதற்கு இரண்டு வினை வேண்டும். ஷார்ட்கட்டின் பண்புகளைத் திறந்து, இலக்கு என்ற கட்டத்தில் புதுப் பாதையை எழுதுவது 'கைதிருப்பல்'. நான் அதைச் செய்யவில்லை. எட்டு முறை யார் செய்வது? கார்டு ரீடரைக் கழற்றிவிட்டு, வின்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் வெளிவட்டுக்குப் பழைய 'ஈ'யையே கொடுத்தேன், எட்டும் ஒரே நொடியில் உயிர்பெற்றன. ஊரையே பழைய இடத்துக்குக் கொண்டுவந்த மாதிரி. இதற்குச் சொல் இன்னும் அகப்படவில்லை. (முதலிலேயே 'ஆர்', 'எஸ்' என்று பின்னெழுத்தாகக் கொடுத்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை.)

> லினக்ஸ் சிம்பாலிக் லிங்குக்கும் இதுவே சரிப்படுமா?

சரிப்படும், அதுவும் இன்னோர் இடத்தைக் காட்டும் சீட்டுதான், ஒரு வேறுபாட்டோடு. வின்டோஸ் சீட்டில் பாதையோடு கோப்பின் அளவு, தேதி, வட்டின் வரிசை எண்ணும் இருக்கும். அதே வட்டுக்குள் நகர்த்தினால் பெரும்பாலும் தேடிப் பிடித்துவிடும். லினக்ஸில் இருப்பது பாதை மட்டுமே. பெயரில் ஓர் எழுத்தை மாற்றினாலும் வெறுங்கைதான்.

பிழைச்செய்தியில் வைத்துப் பார்த்தேன்: "இது வெறுங்கைகாட்டி. திருப்பவா, நீக்கவா?" அப்பச்சிக்கு வாசித்துக் காட்டினேன், விளக்கம் கேட்கவில்லை. மறுப்பு இருந்தால் எழுதுங்கள் அண்ணே.