38 பக்கத் திட்டம், ஐந்து நிமிடத்தில் கையெழுத்து: நான் போட வேண்டுமா?

ஆறாம் வகுப்பு மாணவியின் அம்மா

வணக்கம். நான்கு மாதங்களுக்கு முன் என் மகள் படிக்கும் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்குப் பெற்றோர் உறுப்பினராகத் தேர்வானேன். வேறு யாரும் முன்வராததால் போட்டி இல்லை. ஆனாலும் விரும்பித்தான் ஏற்றுக்கொண்டேன்.

இதுவரை இரண்டு கூட்டங்கள் நடந்திருக்கின்றன. முதலாவதில் அறிமுகமும் வாழ்த்துரையும் மட்டும். இரண்டாவது, போன வியாழக்கிழமை. 'மூன்றாண்டு மேம்பாட்டுத் திட்டம்' என்று 38 பக்கங்களை மேசையில் வைத்தார்கள். 40 நிமிடக் கூட்டத்தில் பாதிக்கு மேல் ஆண்டு விழாப் பேச்சிலேயே போய்விட்டது. கடைசி ஐந்து நிமிடத்தில், "எல்லாம் விதிப்படிதான் இருக்கிறது, கையெழுத்துப் போட்டால் மேலே அனுப்பிவிடலாம்" என்றார் தலைமையாசிரியர். பதிவேடு என் கைக்கு வந்தபோது ஏழு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். "படித்துவிட்டுத் தருகிறேன்" என்றேன். அறையில் பேச்சு நின்றுவிட்டது. வரும் வெள்ளிக்குள் வேண்டும் என்று சொல்லி ஒரு பிரதி கொடுத்தார்கள்.

மூன்று இரவுகள் உட்கார்ந்து படித்தேன். மொத்தத் தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 'கற்றல் சூழல் மேம்பாடு' என்ற ஒரே தலைப்பில் இருக்கிறது. அதன் கீழே என்ன வாங்கப் போகிறார்கள், எத்தனை வாங்கப் போகிறார்கள், ஒரு வரி இல்லை. சென்ற ஆண்டுக் கணக்கில் 'நூலகம்: புத்தகங்கள், அலமாரிகள், முழுத்தொகையும் செலவிடப்பட்டது' என்று இருக்கிறது. பள்ளி திறந்த நாளிலிருந்து நூலக அறை பூட்டித்தான் கிடக்கிறது என்கிறாள் என் மகள்.

எனக்கு மனம் ஆறாத விஷயம் வேறு. பெண் பிள்ளைகளுக்கான நான்கு கழிப்பறைகளில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இருவர் இருவராகப் போய் ஒருத்தி கதவைப் பிடித்துக்கொள்கிறாளாம். இந்தத் தொல்லைக்குப் பயந்து என் மகள் காலையில் கிளம்பினால் மாலை வீடு திரும்பும்வரை தண்ணீரே குடிப்பதில்லை. கொண்டுபோன பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வருவதைப் பார்த்துக் கேட்ட பிறகுதான் சொன்னாள். 38 பக்கங்களில் 'கழிப்பறை' என்ற சொல்லே இல்லை.

யார் மீதும் திருட்டுப் பழி போடவில்லை. தலைமையாசிரியர் நல்லவர், என் மகள் காய்ச்சலில் கிடந்தபோது விசாரித்தவர். ஆனால் தெரியாத ஒன்றுக்கு நான் எப்படிச் சாட்சி சொல்வது? கையெழுத்திடாமல் இருக்க எனக்கு உரிமை உண்டா? எதைக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும்? நான் கேட்பதன் சுமை என் மகள் தலையில் விழுமோ என்ற பயமும் இருக்கிறது.

---

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்

அம்மா, 31 ஆண்டுகள் அரசு நிறுவனக் கணக்குகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். படிக்காமல் கையெழுத்திட மறுத்தீர்களே, அதுவே குழு உறுப்பினரின் முதல் வேலை. அதைச் செய்துவிட்டீர்கள்.

முதலில், கையெழுத்துக் கோட்டுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'கூட்டத்தில் கலந்துகொண்டோர்' என்பது வேறு, 'ஏகமனதாக ஒப்புதல் அளிக்கிறோம்' என்பது வேறு. ஒரே பக்கத்தில் இரண்டையும் சேர்த்துவிடுவது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. அப்படி இருந்தால், "கூட்டத்தில் கலந்துகொண்டேன். திட்டத்தைப் படிக்க நேரம் தரப்படவில்லை, ஒப்புதல் பின்னர்" என்று உங்கள் கையாலேயே எழுதி, தேதி போட்டு, அதன் கீழே கையெழுத்திடுங்கள். இன்னொன்றும் கவனியுங்கள். சென்ற ஆண்டுச் செலவுக்குச் சான்று, வரும் ஆண்டுகளின் திட்டத்துக்கு ஒப்புதல், இவை இரண்டும் தனித்தனித் தீர்மானங்களாக இருக்க வேண்டும்.

அடுத்து, "எல்லாக் கணக்கையும் காட்டுங்கள்" என்று கேட்காதீர்கள். கேட்டால் ஒரு மூட்டைக் காகிதத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள். உங்களுக்கு ஒன்றும் புரியாது. ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். நூலகம் என்றே வைத்துக்கொள்வோம். வாங்குவது என்று முடிவெடுத்த தீர்மானம், கடைகளிடமிருந்து பெற்ற விலைப்புள்ளிகள், ரசீது, ரொக்கப் பதிவேட்டிலோ வங்கிப் புத்தகத்திலோ உள்ள பற்று, இருப்புப் பதிவேட்டில் ஏறிய வரி, கடைசியாக அலமாரியில் நிற்கும் புத்தகம். இந்த வரிசையில் ஒவ்வொன்றாகப் போங்கள். எங்கே கண்ணி அறுகிறதோ அங்கேதான் உங்கள் கேள்வி.

நான் பார்த்தவரை, அறுந்த இடத்தில் எல்லாம் திருட்டு இருந்ததில்லை. பெரும்பாலும் பணம் நிதியாண்டின் கடைசி வாரங்களில் வந்து சேர்ந்திருக்கும். செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்ற அவசரத்தில் கையில் கிடைத்ததை வாங்கியிருப்பார்கள். ஒரு பள்ளியில் ஒரே நிலவரைபடப் புத்தகத்தின் 60 பிரதிகள் கட்டுப் பிரிக்காமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. பிள்ளைகளுக்குப் படிக்க ஒரு கதைப் புத்தகம் கிடையாது.

கேள்வி கேட்டால் என்ன மாறும் என்று யாராவது சொன்னால் உகாண்டாவைச் சொல்லுங்கள். 1991 முதல் 1995 வரை மத்திய அரசு பள்ளிகளுக்கு ஒதுக்கிய மாணவர் தலைவீத மானியத்தில் சராசரியாக 13 சதவீதமே பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதன் பிறகு எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று அரசு செய்தித்தாள்களில் வெளியிட்டது. பள்ளிச் சுவரிலும் ஒட்டச் சொன்னது. 2001-இல் 80 சதவீதத்துக்கு மேல் சேர்ந்தது. வேறு சீர்திருத்தங்களும் கூடவே நடந்தன, முழுப் புகழும் செய்தித்தாளுக்கு இல்லை என்று பின்னால் விவாதம் எழுந்தது; அது நியாயமான விவாதம். ஆனாலும் எவ்வளவு வர வேண்டும் என்று தெரியாத பெற்றோரால் எவ்வளவு குறைகிறது என்று கேட்கவே முடியாது.

---

தலைமையாசிரியை, ஒன்பது ஆண்டுகளாக

மேசையின் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன், சகோதரி.

'கற்றல் சூழல் மேம்பாடு' போன்ற தலைப்புகளைப் பல நேரங்களில் நாங்கள் எழுதுவதில்லை. மேலிருந்து வரும் படிவத்தில் அச்சாகியே இருக்கும். நிதி அந்தத் தலைப்பில்தான் வரும். வேறு எதற்கும் திருப்ப முடியாது. அதனால் தலைப்பைக் குறைசொல்லாதீர்கள். அதன் கீழே பள்ளி அளவில் ஒரு பிரிப்புப் பட்டியல் தரும்படி கேளுங்கள். அதைத் தர முடியாது என்று எந்தத் தலைமையாசிரியரும் சொல்லக் கூடாது.

மேலே ஐயா சொன்ன வரிசை சரியானது. ஆனால் எடுத்த எடுப்பில் ரசீதைக் கேட்டால் எதிரில் இருப்பவர் தன்னைக் குற்றவாளி என்று நினைக்கிறார்கள் என்றே எண்ணுவார். எனக்கும் அப்படி நேர்ந்தது. ஒரு தந்தை கூட்டத்தின் நடுவில் கேட்டபோது அன்றிரவு எனக்கு உறக்கமே வரவில்லை. கூட்டத்துக்கு முன் தனியாகப் போய்ப் பாருங்கள். "நூலக அறையைப் பார்க்கலாமா, சாவி யாரிடம் இருக்கிறது?" என்று கேளுங்கள். அந்தக் கதவு திறந்தால் பாதிக் கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைக்கும்.

தாழ்ப்பாளுக்கு மூன்றாண்டுத் திட்டம் வேண்டாம். பள்ளிப் பராமரிப்புச் செலவில் ஒரே நாளில் முடிகிற வேலை அது. நாளைக்கே கேளுங்கள். திட்டத்தில் சேர்க்க வேண்டியது வேறு: பிள்ளைகள் எண்ணிக்கைக்குத் தேவையான கழிப்பறைகள், தண்ணீர், தினமும் துப்புரவு செய்பவரின் சம்பளம். கட்டடம் கட்டுவதோடு திட்டம் நின்றுவிடுகிறது; அதைச் சுத்தமாக வைத்திருக்கும் ஆளுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று யாரும் எழுதுவதில்லை. ஒரு தலைமையாசிரியையாக என்னை மிகவும் வதைக்கும் விஷயம் இதுதான்.

உங்கள் மகளைப் பற்றிய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் கோரிக்கை குழு உறுப்பினருடையது, ஒரு மாணவியின் தாயுடையது அல்ல என்று தெரியும்படி நடந்துகொள்ளுங்கள். கடிதத்தில் அவள் பெயரோ வகுப்போ வர வேண்டாம். முடிந்தால் இன்னொரு பெற்றோரின் கையெழுத்தும் இருக்கட்டும்.

---

இரவுப் பணி பார்க்கும் அப்பா

நானும் மூன்று ஆண்டுகள் இதே பொறுப்பில் இருந்தவன். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. எங்கிருந்தாலும் உங்கள் குழுவை உருவாக்கிய சட்டத்தின் அல்லது விதியின் பிரதி ஒன்றை முதலில் வாங்கிவிடுங்கள். நான் முதல் ஆண்டு முழுவதும் அதைப் படிக்காமலே கூட்டத்துக்குப் போய்வந்தேன். அந்த ஓராண்டை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

படித்தால் தெரியும், சட்டங்கள் நம்மை நினைத்ததைவிட அதிகம் மதிக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் 1996 பள்ளிச் சட்டப்படி வரவுசெலவுத் திட்டத்தைப் பெற்றோர் பொதுக்கூட்டத்தில் வைத்துத்தான் நிறைவேற்ற வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பே அது பள்ளியில் பார்வைக்கு இருக்க வேண்டும். உங்களுக்குக் கிடைத்த ஐந்து நிமிடத்தை இதோடு வைத்துப் பாருங்கள். இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டம், குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது. அரசு தரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் குழுவின் வேலை என்று அதில் எழுதியே இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2013-இல் வந்த நிதி முறையில், பெற்றோர் ஆலோசனைக் குழு சொல்லும் கருத்துகளுக்குப் பள்ளி மாவட்டத்தின் கல்விக் கண்காணிப்பாளர் எழுத்தில் பதில் தர வேண்டும். எனக்கு இந்தக் கடைசி விதி மிகவும் பிடிக்கும். வாயால் சொன்ன பதில் அடுத்த கூட்டத்துக்கு வந்து சேராது. நீங்களும் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஆனால் சகோதரி, உங்களுக்கு முன் ஏழு பேர் கையெழுத்திட்டார்களே, அவர்களையும் நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அக்கறை இருக்கிறது. எங்கள் கூட்டம் வேலைநாளில் காலை 11 மணிக்கு நடந்துகொண்டிருந்தது. கூலி இழக்க முடியாதவர்கள் வரவில்லை; வந்தவர்கள் சீக்கிரம் கிளம்பப் பார்த்தார்கள். சனிக்கிழமை மாலைக்கு மாற்றச் சொல்லி இரண்டு முறை எழுதினேன். மாற்றிய பிறகு நான்கு பேர் வந்த இடத்தில் 19 பேர் வந்தார்கள். அன்று முதல் யாரும் பார்க்காமல் பதிவேட்டை நகர்த்தியதில்லை.

பிள்ளைகளையும் கேளுங்கள். பெயர் எழுதாத துண்டுச் சீட்டு, 'பள்ளியில் எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?' என்ற ஒரே கேள்வி. அவ்வளவு போதும்.

---

ஆறாம் வகுப்பு மாணவியின் அம்மா

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை தனியாகப் போய்ப் பார்த்தேன். சாவியைத் தலைமையாசிரியரே எடுத்துக்கொண்டு வந்தார். அறைக்குள் உடைந்த பெஞ்சுகள், பழைய விடைத்தாள் கட்டுகள், அவற்றுக்குப் பின்னால் பிரிக்காத 11 புத்தகப் பெட்டிகள். இருப்புப் பதிவேட்டில் புத்தகங்கள் ஏறியிருந்தன. அலமாரிகள் இல்லை. அலமாரித் தொகையில் பாதியை முன்பணமாகக் கொடுத்திருக்கிறார்கள். மீதி 'வழங்க வேண்டியது' என்று நிற்கிறது. அப்படியிருந்தும் செலவுக் கணக்கில் முழுத்தொகையும் ஏறிவிட்டது. அவர் நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இதைக் கவனித்திருக்க வேண்டும்" என்றார். அவர் மீது எனக்கு மரியாதை கூடியது. ஆனால் கேள்வியை விட்டுவிடவில்லை.

அன்று மாலையே தாழ்ப்பாள்கள் போட்டுவிட்டார்கள். சீட்டு யோசனைக்கும் அவர் சம்மதித்தார். இரண்டு வகுப்புகளில் 52 சீட்டுகள் வந்தன. 33 சீட்டுகளில் கழிப்பறை பற்றி எழுதியிருந்தது. 'தண்ணீர் வராத நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் போல இருக்கும்' என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறாள். அந்தச் சீட்டுகளைத் திட்டத்தோடு இணைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். இன்னொரு அம்மாவும் அதில் கையெழுத்திட்டார். அவர் ஏற்கெனவே பதிவேட்டில் ஒப்புதல் தந்த ஏழு பேரில் ஒருவர்.

பதிவேட்டில் ஐயா சொன்னபடியே எழுதினேன். ஒப்புதலுக்கு 14 நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். 'கற்றல் சூழல் மேம்பாடு' பிரிப்புப் பட்டியல் இன்னும் வரவில்லை. அது வராமல் ஒப்புதல் தர மாட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும். அலமாரி முன்பணம் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. கடைக்காரருக்கு யார் எழுத வேண்டும், குழுவா பள்ளியா?

---

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்

பணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அந்தக் கணக்குக்குப் பொறுப்பானவர் எழுத வேண்டும். பள்ளியின் பெயரில், தலைமையாசிரியர் கையெழுத்தோடு, வாங்க முடிவுசெய்த தீர்மானத்தின் எண்ணையும் முன்பண ரசீதின் தேதியையும் குறிப்பிட்டு எழுதட்டும். எத்தனை நாளுக்குள் பொருள் வர வேண்டும், வராவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். பதிவு அஞ்சலில் அனுப்பி, நகலைக் குழுவின் கோப்பில் வையுங்கள். சென்ற ஆண்டுக் கணக்கில் அந்தத் தொகையை 'செலவு' என்பதிலிருந்து 'முன்பணம், நிலுவை' என்று மாற்றிய பிறகே சான்றில் கையெழுத்திடுங்கள். அந்தப் பெட்டிகளை அலமாரி வரும்வரை பூட்டி வைக்க வேண்டாம், அம்மா. தரையில் விரிப்புப் போட்டு அடுக்கினாலும் பிள்ளைகள் படிப்பார்கள்.