ஏற்காடு கேம்ப்பும் "இன்சூரன்ஸ் உண்டு" என்ற ஒரு வரியும்

செவ்வாய்ப்பேட்டை அப்பா:

போன மே மாதம், ஏழாவது முடித்த மகளை ஏற்காட்டில் 5 நாள் சம்மர் கேம்ப்புக்கு அனுப்பினேன். நோட்டீஸில் சாப்பாடு, தங்குமிடம், டி-ஷர்ட் எல்லாம் போட்டுக் கடைசியில் "இன்சூரன்ஸ் உண்டு" என்று இருந்தது. அதைப் பார்த்த பிறகு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காபி எஸ்டேட் வழியாக நடந்து போகும்போது, மழையில் நனைந்த சரிவில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். மணிக்கட்டுக்கு மேலே முறிவு. கையைத் துணியில் தொட்டில் கட்டிச் சேலத்துக்கு இறக்கினார்கள். 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் கை ஆடியதாம். அடிவாரத்தில் போய் நின்றேன். இறங்கியவள், "நாளைக்குத்தான்ப்பா கேம்ப்ஃபயர்" என்றாள். வலியை விட அதுதான் அவளுக்குக் கவலை.

"இன்சூரன்ஸ் இருக்குங்க சார், பில்லை மட்டும் பத்திரமா வைங்க" என்றார் கூட வந்தவர். தனியார் மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்து எலும்பை நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார்கள். சாயங்காலமே வீடு. பில் 31,000 சொச்சம்.

இரண்டு வாரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. கேம்ப்காரர் எடுத்திருந்தது குரூப் பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி. உயிர் போனாலோ, கை, கால், கண் நிரந்தரமாகப் போனாலோதான் அதில் பணம். விபத்துக்கான மருத்துவச் செலவு வேண்டுமென்றால் தனியாகச் சேர்க்க வேண்டும், அதைச் சேர்க்கவில்லை. ஆறு வாரத்தில் கூடிவிடும் எலும்புக்கு அந்தப் பாலிசியில் ஒரு பைசா கிடையாது. கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். வாங்காத பொருளை எப்படிக் கேட்பது?

கடைசியில் என் ஃபேமிலி ஃப்ளோட்டர்தான், அதாவது குடும்பம் முழுவதுக்கும் சேர்த்து எடுத்த மருத்துவக் காப்பீடுதான், கை கொடுத்தது. 24 மணி நேரம் படுக்கையில் இல்லையே என்று பயந்தேன். மயக்க மருந்து கொடுத்துச் செய்தது டே கேர் கணக்கில், அதாவது 24 மணி நேரம் படுக்காமலே பணம் கிடைக்கும் சிகிச்சைக் கணக்கில் வரும் என்று ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் க்ளெய்ம்களைக் கவனிக்கும் டிபிஏ மேஜையில் இருந்த பெண் சொன்னார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேஷுவாலிட்டியில் கேம்ப் ஆள் "விளையாடும்போது விழுந்தாள்" என்று சொல்லி அப்படியே எழுதிவிட்டார்கள். நான் அன்றைக்கே கேட்டு இடம், நேரம், நடந்த விதம் எல்லாவற்றையும் திருத்தி எழுத வைத்தேன். ஆஸ்பத்திரிப் பதிவு ஒன்றும் க்ளெய்ம் ஃபார்ம் வேறொன்றும் சொன்னால் கடிதத்துக்கு மேல் கடிதம் வரும்.

கேம்ப் நடத்தும் ஓமலூர்க்காரர்:

அண்ணா, எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்கிறேன். இளைஞர் மன்றம் சார்பில் நாங்களும் கூட்டிப்போவோம். ஏஜென்டிடம் பெயர், வயதுப் பட்டியல் கொடுத்துத்தான் பாலிசி எடுப்பது. கிளம்பும் நாள் காலையில் "இவனையும் சேர்த்துக்கோங்க" என்று ஒருவர் பையனைக் கொண்டுவந்து விட்டார். பட்டியலில் இல்லாத பையனுக்குப் பாலிசியும் இல்லை. அவனைத் திருப்பி அனுப்பியதில் அவன் மாமாவுக்கு இன்றுவரை என்மேல் கோபம்.

கயிறு ஏற்றம், ஜிப் லைன் (கம்பியில் தொங்கிச் சறுக்குவது) இருந்தால் ஏஜென்டிடம் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். பல பாலிசிகளில் சாகச விளையாட்டு விலக்கில் இருக்கும். பேசி, எழுத்தில் சேர்க்க வேண்டும்.

எங்களுக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். ஒரு ராத்திரி தயிர்ச் சாதம் கெட்டு, 11 பேருக்கு வாந்தி. விபத்துப் பாலிசியில் அது நோய்க் கணக்கு, தர மாட்டார்கள். பெற்றோர் நம்மீது நஷ்டஈடு கேட்டால் தாங்குவது பப்ளிக் லயபிலிட்டி பாலிசி. அதிலும் உணவால் வரும் கேடு அடங்குமா என்று கேட்டு வாங்க வேண்டும். அன்றைய ஆஸ்பத்திரிச் செலவை மன்ற நிதியில்தான் கட்டினோம்.

வேனும் மஞ்சள் போர்டு வண்டியாக இருக்கட்டும். வெள்ளை போர்டில் வாடகைக்கு ஏற்றிப்போய் மலைப்பாதையில் ஏதாவது ஆனால், வண்டி இன்சூரன்ஸிலேயே தகராறு வரும்.

அஸ்தம்பட்டி அக்கா:

பேங்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிறார்களே, அந்த விபத்துக் காப்பீடு பிள்ளைக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்திருந்தேன். 18 முதல் 70 வயது வரைக்கும்தானாம். அதுவும் கணக்கு வைத்திருப்பவருக்கு மட்டும். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய்க் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

செவ்வாய்ப்பேட்டை அப்பா:

ஓமலூர்த் தம்பி, பட்டியல் விஷயம் எனக்குத் தெரியாது. என் மகள் பெயர் அதில் இருந்ததா என்றே நான் பார்க்கவில்லை.

இந்த வருஷமும் போவேன் என்று நிற்கிறாள், போன தடவை கேம்ப்ஃபயர் போய்விட்டதல்லவா. பாலிசி ஷெட்யூலும் (எதற்கெல்லாம் பணம் என்று எழுதிய தாள்) பெயர்ப் பட்டியலும் அனுப்பச் சொல்லிக் கேம்ப்காரருக்கு வாட்ஸ்அப் போட்டிருக்கிறேன். நீல டிக் விழுந்து நாலு நாள் ஆகிறது. பதில் வந்த பிறகுதான் பணம் கட்டுவேன்.